உத்தம சோழன் எதைப் பறித்தான்?

தஞ்சாவூர்ப் பக்கம் சோழர் கதையைச் சொல்லச் சொன்னால், 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி பெரும்பாலும் ஒரே வாய்பாடாகத்தான் வந்து விழும். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளவரசன். அவனைச் சதி செய்து கொன்றார்கள். அடுத்த உரிமை தம்பி அருண்மொழிக்கு. நடுவில் புகுந்து அரியணையைப் பறித்தவன் சிற்றப்பன் உத்தம சோழன். குடும்பம் உடையக் கூடாது என்று அருண்மொழி விட்டுக்கொடுத்தான். காத்திருந்து 985இல் ராஜராஜனாக முடிசூடினான். கொலையாளிகளுக்கும் அப்போதுதான் தண்டனை கிடைத்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னின் கடைசிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது அந்தத் தியாகம் மறுபடியும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

இதை நாவல் வாசகர்களின் கற்பனை என்று தள்ள முடியாது. நீலகண்ட சாஸ்திரி 'சோழர்கள்' நூலில் உத்தம சோழனுக்கு இந்தக் கொலையில் பங்கில்லை என்று விட்டுவிட முடியாது என்ற முடிவுக்கே வந்தார். அவர் தரப்புக்கு மூன்று தூண்கள் உண்டு. முதலாவது, ஆதித்தன் இளவரசுப் பட்டம் பெற்றவன். அவன் இறந்ததும் பயன் அடைந்தவன் உத்தமன். இரண்டாவது, திருவாலங்காட்டுச் செப்பேடு: குடிகள் வேண்டியும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்று அருண்மொழி மறுத்ததாக அது பாடுகிறது. மூன்றாவது, காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு: கொலையாளிகளின் உடைமை மீதான நடவடிக்கை ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில்தான் எழுத்தில் வருகிறது, உத்தமனின் 15 ஆண்டுகளில் வரவில்லை.

மூன்றும் கனமான சான்றுகள். ஆனால் மூன்றையும் தாங்கி நிற்கும் தரை ஒன்று இருக்கிறது; அதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. சோழர் இளவரசுப் பட்டம் என்பது அரசனின் மூத்த மகன் பிறப்பால் பெறுவது, தகப்பன் கண்மூடும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவனுக்கு உரியது என்ற எண்ணமே அந்தத் தரை. பிற்காலத்து ராஜா ராணிக் கதைகளிலிருந்து வந்த எண்ணம் இது. சோழர் கல்வெட்டுகளை வைத்து இதைச் சோதித்தால் நிற்காது. தரை போனால் பறிப்பும் போகும், தியாகமும் போகும். என் மறுப்புகளை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

1. எந்த விதிப்படி அவன் பறித்தான்?

பறித்தான் என்று சொல்பவர், உரிமை யாருடையது என்று முதலில் சொல்ல வேண்டும். முதற்பராந்தகன் 907 முதல் 955 வரை ஆண்டவன். அவன் மூத்த மகன் ராஜாதித்தன் 949இல் தக்கோலத்தில், யானை மேல் இருந்தபடியே போரில் இறந்தான். அடுத்த மகன் கண்டராதித்தன் பட்டத்துக்கு வந்தான். திருவிசைப்பாவில் இடம்பெற்ற பதிகத்தைப் பாடியவன், செம்பியன் மாதேவியின் கணவன். அவன் 957 வாக்கில் மறைந்தபோது மகன் மதுராந்தகன், அதாவது நம் உத்தம சோழன், கைக்குழந்தை அல்லது சிறுவன். ஆகவே அரசு கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கும், சில காலத்துக்குள் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கும் போனது.

இப்போது விதியைத் தேர்ந்தெடுங்கள். மூத்தவன் வழிக்கே அரசு என்பது விதியானால், கண்டராதித்தனுக்குப் பின் உரியவன் அவன் மகன் உத்தமன்தான். அரிஞ்சயனும் சுந்தர சோழனும் நடுவில் வந்தவர்கள். சுந்தர சோழன் நடுவில் வந்தவன் என்றால், அவன் மக்களான ஆதித்தனுக்கும் அருண்மொழிக்கும் உத்தமனுக்கு முந்திய உரிமை எப்படி வரும்? இல்லை, குலத்தில் வயதும் திறமும் உடையவனை ஆளும் அரசன் தேர்ந்து பட்டம் கட்டுவதே வழக்கம் என்பது விதியானால், வயது வந்த உத்தமனைத் தேர்ந்ததில் என்ன குற்றம்? முதல் விதிப்படி அவன் உரியவன். இரண்டாம் விதிப்படி அவன் தகுதியுள்ளவன். அவனைப் பறித்தவன் ஆக்குவதற்கு மூன்றாவது ஒரு விதி வேண்டும்: அரிஞ்சயனிலிருந்துதான் கணக்கு தொடங்கும், அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கக் கூடாது என்ற விதி. அதை எந்தக் கல்வெட்டும் தரவில்லை. ராஜராஜனை நேசிக்கும் நம் மனசு தருகிறது.

சோழர் பின்பற்றியது இரண்டாவது வழக்கம் என்பதற்கு அடுத்த நூற்றாண்டே சாட்சி. முதலாம் ராஜேந்திரனின் மூன்று மக்கள், ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன், அண்ணனுக்குப் பின் தம்பியாக ஒருவர்பின் ஒருவர் ஆண்டார்கள். 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் ராஜாதிராஜன் யானை மேல் இறந்ததும், தம்பி அதே களத்தில் முடிசூடிப் படையைத் திருப்பி வென்றான். அண்ணன் மக்களின் உரிமையைத் தம்பி பறித்தான் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. களத்தில் செய்தால் வீரம், 970இல் செய்தால் சூழ்ச்சியா?

2. இளவரசு காத்திருப்பவனின் பட்டமா?

இல்லை, அது ஆள்பவனின் பட்டம். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் கதை தானாக விலகும்.

ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகளைப் பாருங்கள். அப்பன் சுந்தர சோழன் உயிரோடு இருக்கிறான். ஆனால் 'பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்ற விருதோடு, மகன் தன் சொந்த ஆட்சியாண்டைப் பொறித்து ஆணைகளுக்குக் காலம் குறிக்கிறான். அந்தக் கணக்கு 5ஆம் ஆண்டு வரை ஓடுகிறது. காத்திருக்கும் மகனுக்கு ஆட்சியாண்டு எதற்கு? முதற்பராந்தகன் காலத்தில் ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் படையோடு தங்கி வட எல்லையைக் காத்தான். 1012இல் ராஜராஜன் மகன் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். தகப்பன் 1014 வரை இருந்தான், மகனின் ஆட்சியாண்டோ 1012இலிருந்தே எண்ணப்படுகிறது. ராஜேந்திரன் இன்னும் ஒரு படி மேலே போனான். 1018இல் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டி 1044 வரை, 26 ஆண்டுகள், மகனோடு சேர்ந்து ஆண்டான். இரண்டு அரசர், இரண்டு ஆட்சியாண்டு, ஒரு நாடு. அன்றைய ஊர்ச் சபைக் கணக்கர்களுக்கு இது குழப்பமாக இருந்ததாகத் தெரியவில்லை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. இளவரசுப் பட்டத்தைக் கட்டுவது ஆளும் அரசன். ஆகவே உத்தமனுக்கு அதைக் கட்டியவன் யார் என்று கேட்டாக வேண்டும். அவன் ஆட்சியாண்டுக் கணக்கு 970ஐ ஒட்டித் தொடங்குகிறது. காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்த சுந்தர சோழன் 973 வாக்கு வரை வாழ்ந்தான் என்பதே பொதுவான கணிப்பு. ஆக, மகனை இழந்த தகப்பன் கண்முன்னே, அவன் ஆட்சிக்குள்ளேயே உத்தமன் பட்டம் ஏறினான். துயரத்தில் இருந்த கிழவனை நெருக்கி வாங்கினான் என்கிறார்கள். நெருக்கியதற்குச் சாட்சி எங்கே? சுந்தர சோழன் ஒப்பினான் என்பதற்குக் காலக்கணக்காவது இருக்கிறது.

இரண்டாவது விளைவு இன்னும் உறுதியானது. இதை ஏனோ விவாதங்களில் அதிகம் காணோம். சோழ அரசர் ராஜகேசரி, பரகேசரி என்ற இரு விருதுகளை மாற்றி மாற்றிச் சூடுவார்கள். ஒருவன் ராஜகேசரி என்றால் அடுத்து அரசனாபவன் பரகேசரி. இளவரசன் பட்டம் ஏற்ற அன்றே அடுத்த விருதை எடுத்துக்கொள்வான். அவன் முழு அரசனாகும் முன்பே இறந்துவிட்டால் அவன் விருது கணக்கில் சேராது. அடுத்தவன் அதே விருதைச் சூடுவான். இரண்டாம் ராஜேந்திரன் பரகேசரி. அவன் பட்டம் கட்டிய மகன் ராஜமகேந்திரன் ராஜகேசரி. தகப்பனுக்கு முன்பே அவன் இறந்தான். பின் வந்த வீரராஜேந்திரனும் ராஜகேசரியே. இந்த வழக்கத்தை நம் கதைக்குப் பொருத்துங்கள். சுந்தர சோழன் ராஜகேசரி. ஆதித்தன் பரகேசரி. அவன் இறந்தபின் உத்தமனும் பரகேசரி. அடுத்து வந்த ராஜராஜன் ராஜகேசரி. உத்தமன் முறையான அரசன் இல்லை என்று ராஜராஜன் நினைத்திருந்தால், தகப்பனுக்கு அடுத்தவனாகத் தன்னைக் கருதிப் பரகேசரி ஆகியிருக்க வேண்டும். அவன் ஆகவில்லை. பெரிய கோயில் சுவரெல்லாம் தன்னைக் கோராஜகேசரிவர்மன் என்று வெட்டுவித்தவன், உத்தம சோழனுக்கு அடுத்தவன் நான் என்றே ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்கிறான். ராஜராஜன் ஒப்பிய கணக்கை அவன் பெயரைச் சொல்லி நாம் மறுப்பது முறையா?

3. செப்பேட்டைப் பாதி படிப்பது ஏன்?

திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த செய்தியே அதன் வேலை. ஆணை ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1018 வாக்கு. வடமொழிப் பகுதியை இயற்றியவர் நாராயணர் என்ற புலவர். ஆதித்தன் இறந்து அரை நூற்றாண்டுக்கு அருகில், ராஜராஜனின் மகன் சபையில், ராஜராஜனைத் திருமாலின் அவதாரமாகப் பாடிய குலப் புகழ்ச்சி அது. இந்த வகைப் பாட்டுக்கு நாயகன் ஆசையற்றவனாக இருந்தாக வேண்டும்.

அது போகட்டும், ஏட்டை அப்படியே ஏற்போம். அதே ஏடு அடுத்து என்ன சொல்கிறது? அருண்மொழியின் திருமேனியில் இருந்த குறிகளைக் கண்ட மதுராந்தகன், தானே அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ஆட்சிப் பாரத்தைத் தான் தாங்கினான் என்கிறது. உத்தமனுக்குச் சொந்த மகன் இருந்தான். மகனை விட்டுவிட்டு அண்ணன் மகனுக்குப் பட்டம் கட்டியவனை ஆசைக்காரன் என்று எப்படி அழைப்பது? விட்டுக்கொடுத்தவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், ஏட்டின்படி இருவர் விட்டுக்கொடுத்தார்கள். ஒருவரின் விட்டுக்கொடுப்புக்கு ஐந்து பாகம் எழுதினோம், மற்றவருடையதை மறைத்தோம்.

அங்கே நடந்தது உடன்பாடு என்று நான் நினைக்கிறேன். குலத்தின் இரு கிளைகளும், மூத்த கிளையான உத்தமன் ஆளட்டும், அவனுக்குப் பின் இளைய கிளை ஆளட்டும் என்று தீர்த்துக்கொண்டன. இளவரசுப் பட்டம் அந்தத் தீர்வின் முத்திரை. பட்டம் கட்டியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். 985இல் கத்தி உருவாமல் ஆட்சி கை மாறியது.

4. உடையார்குடிக் கல்வெட்டு யாரைக் குற்றம் சாட்டுகிறது?

சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலானவர்களை. உத்தம சோழனை அல்ல. அவன் பெயரோ, அவனைச் சுட்டும் ஒரு குறிப்போ அதில் இல்லை. எழுதியவர்கள் அவனுக்கு அஞ்ச வேண்டிய காலமும் அல்ல. அவன் ஆட்சி முடிந்திருந்தது, ராஜராஜன் அரசன். பழி சொல்ல அதைவிட வாய்ப்பான நேரம் வராது. சொல்லவில்லை.

அந்தக் கல்வெட்டு என்ன வகை ஆவணம் என்பதையும் பார்க்க வேண்டும். வீரநாராயண ஏரியின் பக்கத்தில் இருந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஓலையும், அதன்படி துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலமும் மனையும் விலைக்குப் போனதும், வாங்கியவர் அதை அறக்கொடையாக வைத்ததும்தான் செய்தி. நிலக் கைமாற்றத்தின் பதிவு அது. யார் விசாரித்தார்கள், எப்போது பிடிபட்டார்கள், உயிர்த்தண்டனை உண்டா, நாடு கடத்தலா என்று அது சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. டெல்டாவில் நிலத்தகராறு பார்த்தவர்களுக்கு இது தெரியும்: வழக்கு ஒரு தலைமுறையில் நடக்கும், நிலம் பெயர் மாறுவது அடுத்த தலைமுறையில் நடக்கும். குற்றவாளியின் மக்கள், தம்பிகள், தாய்வழி உறவு, பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்று விரியும் உடைமையைக் கணக்கெடுத்து விற்பது ஒரு நாள் வேலை அல்ல. விற்பனை எழுதப்பட்ட ஆண்டை, குற்றம் கண்டுபிடித்த ஆண்டாக எடுத்துக்கொண்டு, அதுவரை ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது ஆவணத்தின் மேல் அதன் தலைக்கு மீறிய பாரத்தை ஏற்றுவதாகும்.

கொலைக்கான காரணத்தைத் தேடுகிறவர்கள் அரண்மனைக்குள்ளேயே தேட வேண்டும் என்றும் இல்லை. ஆதித்தன் தாங்கிய விருதே வீரபாண்டியன் தலையைப் பற்றியது. ஒரு நாட்டு அரசனின் தலையைக் கொண்டதைத் தன் ஒவ்வொரு ஆணையின் தொடக்கத்திலும் பொறித்தவனுக்கு வெளியே பகைவர் இருந்திருக்க மாட்டார்களா? இதுவும் நிரூபணம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காரணம் கல்லில் எழுதி நிற்கிறது. உத்தமன் மேல் சுமத்தும் காரணம், அவன் பயனடைந்தான் என்ற ஊகத்தில் மட்டும் நிற்கிறது. பயனடைந்தவனே கொன்றவன் என்றால், 985இல் பயனடைந்தவன் யார் என்ற கேள்வியும் வரும். அப்படிக் கேட்பது ராஜராஜனுக்கு அநியாயம். அதே அநியாயத்தைத்தான் உத்தமனுக்குச் செய்கிறோம்.

இந்தக் கல்வெட்டை எடுத்துக்கொண்டு இன்று ஒரு சாதி முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லிச் சிலரைக் குறிக்கும் ஆவணத்திலிருந்து ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பழி எடுப்பதை வரலாறு என்று நான் ஏற்க மாட்டேன்.

5. பட்டத்தைக் குடும்பச் சண்டையாகப் பார்த்தால் எது மறைகிறது?

சோழர் செய்த பெரிய அரசியல் வேலை மறைகிறது. ஒரு குலத்தில் திறமையான ஆண்கள் பலர் இருந்தால் அவர்களை என்ன செய்வது என்பது அந்தக் காலத்து அரசுகளுக்கெல்லாம் பொதுவான நெருக்கடி. 1054இல், கொப்பத்தில் ராஜாதிராஜன் இறந்த அதே ஆண்டில், கீவ் நகரின் மகா இளவரசன் யாரோஸ்லாவ் இறந்தான். அவன் நாடு மக்களுக்குள் பிரிந்தது. மூத்தவன் கீவில், மற்றவர் வெவ்வேறு நகரங்களில். மகா இளவரசு என்ற பட்டத்துக்கு அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டார்கள். 1073இல் மூத்தவனைத் தம்பிகளே துரத்தினார்கள். 1097இல் லியூபெச் என்ற ஊரில் கூடி, அவரவர் தகப்பன் பங்கை அவரவர் வைத்துக்கொள்வது என்று எழுதிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. அதன்பிறகும் சண்டை ஓயவில்லை.

சோழர் வேறு வழி கண்டார்கள். இளவரசருக்கு முடியும் விருதும் கொடுத்தார்கள். காவிரி நிலத்தைக் கூறு போட்டுக் கொடுக்கவில்லை. ராஜேந்திரன் மதுரையில் பெரிய மாளிகை எழுப்பி மகனைச் சோழபாண்டியன் என்று அமர்த்தினான். அவன் சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன் என்ற பெயரோடு, பாண்டியருக்கே உரிய விருதைச் சூடி, தன் ஆட்சியாண்டைக் கணக்கிட்டு ஆண்டான். அம்பாசமுத்திரம் பக்கம் மன்னார்கோயிலில் அவன் கல்வெட்டுகளை இன்றும் படிக்கலாம். பின்வந்தவர்கள் சோழகங்கன், சோழகேரளன் என்று சிற்றப்பன்மாருக்கும் தம்பிமாருக்கும் மக்களுக்கும் பட்டம் வழங்கியதை ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன் மெய்க்கீர்த்திகள் வரிசையாகச் சொல்கின்றன. குலோத்துங்கன் தன் மக்களை ஒருவர்பின் ஒருவராக வேங்கிக்கு அனுப்பினான். ராஜராஜ மும்முடிச்சோழன் என்ற மகன் 1077இல் போய், பெற்றோர் காலடியில் இருப்பதைவிட ஆட்சி இன்பம் பெரிதல்ல என்று ஓராண்டிலேயே திரும்பி வந்துவிட்டான். அடுத்த ஆண்டு தம்பி வீரசோழன் போனான். தந்தை அனுப்பினால் போவதும் திரும்புவதும் பதவியின் இயல்பு. பிறப்புரிமையானால் இப்படி மாற்றி மாற்றி அமர்த்த முடியாது.

எல்லைகளில் முடிகள் பெருகின. நடுவில் சோழமண்டலம் பிளக்கவில்லை. ராஜராஜன் காலத்து வளநாடுகளைப் பாருங்கள். அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவே உய்யக்கொண்டார் வளநாடு என்று ஆறுகளை எல்லையாக வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பெயர்களோ அருமொழிதேவ வளநாடு, நித்தவிநோத வளநாடு என்று அரசனின் சொந்த விருதுகள். நான் அறிந்த கல்வெட்டு எதுவும் ஒரு வளநாட்டை ஓர் இளவரசனின் பங்கு என்று சொல்லவில்லை. தலைப்பு ஆற்றில் ஒருவன், கடைமடையில் இன்னொருவன் என்று அண்ணன் தம்பிக்குள் பிரிந்திருந்தால், குறுவைக்கும் சம்பாவுக்கும் யார் மடை திறப்பது? 1010இல் பெரிய கோயிலுக்குக் கலசம் ஏற்றியபோது சோழநாட்டு ஊர்களிலிருந்தும் வெளியிலிருந்தும், ஈழத்து ஊர்களிலிருந்தும்கூட, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து நெல் வரவேண்டும் என்று சுவரில் வெட்ட முடிந்தது. பிரியாத சோழமண்டலம் கைக்கு வந்ததால்தான் அது முடிந்தது. அதைப் பிரியாமல் 15 ஆண்டு வைத்திருந்து கொடுத்தவன் உத்தம சோழன்.

இந்த ஏற்பாடு என்றும் தவறாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. 1070இல் அதிராஜேந்திரன் சில மாதங்களிலேயே இறந்து, ராஜேந்திரனின் மகள் அம்மங்கை பெற்ற பேரன் வேங்கியிலிருந்து வந்து குலோத்துங்கனாக முடிசூடினான். பெண்வழிப் பேரனையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அந்த வழக்கம் விரிந்திருந்தது என்பதே அதில் தெரிகிறது.

6. காயம் இருந்தால் தழும்பு எங்கே?

பறித்தவன் குடும்பத்தை அடுத்து வந்தவன் எப்படி நடத்தினான் என்று பாருங்கள். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி, ராஜராஜன் ஆட்சியில் 1001 வரை கொடைகள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிக்கா, ஆரூர் அரநெறி என்று டெல்டா முழுவதும் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கியவள் அவள். திருக்கோடிக்காவில் பழைய கல்வெட்டுகள் அழியக் கூடாது என்று புதுச் சுவரில் திரும்ப வெட்டுவித்தவள். மகன் ஆட்சியில் தொடங்கிய வேலைகள் பேரன் முறையான ராஜராஜன் ஆட்சியிலும் தடையின்றி நடந்தன. இன்று அவளைப் பற்றிப் பேசும்போதும் 'பேராசைக்காரனைப் பெற்ற உத்தமி' என்று ஒரு சோகம் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தச் சோகம் நாம் சேர்த்தது.

உத்தமனின் ஆட்சியையும் இப்படித்தான் வெற்றிடமாக்கினோம். தன் பெயர் பொறித்த பொற்காசு வெளியிட்டவன். பெயரால் அடையாளம் காணும் சோழக் காசுகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. காஞ்சி ஊரகத்துக் கோயிலின் கொடைகளை முறைப்படுத்தி, நகரத்து நெசவாளர் சேரிகளின் பொறுப்பில் கணக்கை வைத்த அவன் செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலத்தில் தோற்றபின் பறிபோன தொண்டைமண்டலம் அவன் கையில் இருந்தது என்பதற்கு அந்த ஏடே சாட்சி. ராஜராஜனுக்கு வடக்கே அமைதியான எல்லை கிடைத்தது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு.

உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் என்ன ஆனான்? ராஜராஜனின் அதிகாரியாக இருந்தான். கோயில்களின் கணக்கு வழக்குகளை ஆராய்ந்து, தவறியவர்களைத் தண்டித்த பொறுப்பு அவனுடையது. அண்ணனைக் கொல்வித்தவனின் மகன் என்று அரசன் நம்பியிருந்தால், நாட்டின் பொன்னும் நெல்லும் குவியும் இடத்தில் அவனை வைத்திருப்பானா? ராஜராஜன் தன் மகனுக்கு இட்ட பெயரும் மதுராந்தகன்தான். ராஜேந்திரன் என்பது பட்டப்பெயர். மதுரையை வென்ற முதற்பராந்தகனின் நினைவாகவும் அந்தப் பெயரைக் கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் அரண்மனையில் மதுராந்தகன் என்றால் கண்முன் நின்றவன் உத்தமன். அவனை வெறுத்த வீட்டில் அந்தப் பெயரைத் தொட்டிலில் இட்டிருக்க மாட்டார்கள்.

உத்தம சோழன் குற்றவாளி என்று இனியும் சொல்ல விரும்புகிறவர், அவன் பறித்த உரிமை எந்த விதிப்படி யாருடையது, ராஜராஜன் ஏன் ராஜகேசரி, கண்டராதித்தன் ஏன் ராஜராஜனின் அதிகாரி என்ற மூன்றுக்கும் கல்வெட்டிலிருந்து விடை தரட்டும். நாவலிலிருந்து வேண்டாம்.